பதில் வரும் வரைக்கும் நடக்கலாம்

சென்ற மாதம் முழங்கால் வலிக்காக ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினாள். நடைமெஷினில் ஏற்றிவிட்டாள். பிறகு, "பேசாம நடங்க பாட்டி, பேசினா மூச்சு வாங்கும்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கிளிப் கழன்று விழுந்தது.

பின்னே என்ன? அதே மாதிரி மெஷினில் நடக்கிறவர்களைப் பேச வைப்பதற்காகவே ஒரு ஆஸ்பத்திரி எனக்குப் பல வருஷம் சம்பளம் கொடுத்தது. இதைச் சொன்னபோது அந்தப் பெண் நம்பவில்லை. வயதானவள் ஏதோ உளறுகிறாள் என்று என் கண்ணைக்கூட உற்றுப் பார்த்தாள். மெஷினை விட்டு இறங்கியதும் அவளை உட்கார வைத்துச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் வாலாஜா பக்கம். படிப்பு மூன்றாம் வகுப்பு. என் வாய் வாத்தியாருக்குத் தாங்கவில்லை, அவர் பிரம்பு எனக்குத் தாங்கவில்லை, இரண்டு பேரும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் பஹ்ரைனில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். ஈசா டவுன் பக்கம் ஒற்றை ரூம். அவர் டியூட்டிக்குப் போன பிறகு சுவரோடு எவ்வளவு நேரம் பேசுவது? ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். பெண்கள் பிசியோதெரபிப் பிரிவு என் பொறுப்பு.

அந்தப் பிரிவுக்குத் தலைமை கல்யாணி மேடம். மெட்ராஸ்காரர். பேச்சைக் குங்குமப்பூ மாதிரி செலவழிப்பவர். ஒரு விரலைத் தூக்கினால் மெஷின் வேகத்தைக் கூட்ட வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் குறைக்க வேண்டும். கையை மூடினால் நிறுத்த வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை நோயாளியின் முதுகில் வைப்பதற்கு முன் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவார். ஏசி அறையில் அந்த இரும்பு எப்படிச் சில்லிடும் என்று அவருக்குத் தெரியும். யாரையும் 'குண்டு' என்று சொல்ல மாட்டார், சொல்லவும் விட மாட்டார். துடைப்பம் பிடிக்கிற என்னையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். எனக்கு முதல் வாரம் முழுக்க, பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

ஒரு நாள் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மெஷினில் ஒரு பம்பாய்க்கார அம்மா, நல்ல சரீரம், செத்த வீட்டுக்குப் போகிற முகத்தோடு நடந்துகொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? தெரிந்த அரைகுறை இந்தியில், "தீதி, இவ்ளோ மெதுவா போனா வீட்டுக்காரர் வேற வீடு பாத்துக்குவாரே!" என்றேன். அந்த அம்மா நடந்துகொண்டே என்னையும் தன் வீட்டுக்காரரையும் சேர்த்து மூச்சு விடாமல் திட்டினார். திரும்பினால் வாசலில் மேடம்.

வேலை போச்சு, கலாஸ், ரூமுக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மேடம் அந்த அம்மாவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார்.

"சரோஜா, துடைப்பத்தை ஓரமா வைங்க. இங்க வந்து நில்லுங்க. பேசுங்க."

"இன்னா மேடம் பேசறது?"

"இப்ப பேசின மாதிரியே."

பிறகு சாயங்காலம் கூப்பிட்டு விளக்கினார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் நான் கேட்ட நீளமான பேச்சுகளில் அது ஒன்று. "நடக்கிறவங்க பாட்டுப் பாட முடிஞ்சா வேகம் பத்தாது. வார்த்தையே வரலைன்னா வேகம் ஜாஸ்தி. உங்களைத் திட்ட முடியணும், ஆனா திட்டி முடிச்சதும் ஒரு மூச்சு வாங்கணும். கனமான உடம்புக்கு இதயம் தாங்குற வேகம் அதுதான். நீங்க கிண்டல் பண்ணுங்க. பதில் நின்னா எனக்குச் சொல்லுங்க."

அப்படித்தான் நான் வாயால் சம்பாதிக்க ஆரம்பித்தேன். பெயருக்கு ஹெல்ப்பர். பிறரைக் கிண்டல் செய்வதற்காகவே அரபியும் இந்தியும் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் நான் கலெக்டராகியிருப்பேன்.

எண்ணெய்ப் பணம் வந்த காலம் அது. வீட்டுக்கு வீடு கார், ஏசி, சமையலுக்கு ஆள். வருகிற அம்மாக்கள் எல்லோரும் நல்ல வளர்த்தி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறுக்கு வழி இருக்கும். ஒருத்தி இடுப்பில் பெல்ட் மாட்டிக் குலுக்குகிற மெஷின் ஒன்றைக் காரில் ஏற்றியே கொண்டுவந்துவிட்டாள். மாட்டிக்கொண்டு நின்றால் உடம்பு மொத்தமும் பஞ்சாமிர்தப் பாத்திரம் மாதிரி ஆடும். மேடம் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்ல எக்சர்சைஸ்" என்றார்.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"மெஷினுக்கு" என்று முடித்தார் மேடம்.

மேடத்தின் முறையில் மூன்று படிகள் இருந்தன. முதலில் நிற்காமல் நடப்பது அல்லது சைக்கிள் மிதிப்பது. இதயம் கனமான உடம்பைச் சுமந்துகொண்டு சீராக வேலை செய்யப் பழக வேண்டும். அது பிடிபட்ட பிறகே கைக்கு வெயிட். அதுவும் சின்னதாக, மூச்சை அடக்காமல். கடைசியில், தாங்குகிறவர்களுக்கு மட்டும், கொஞ்சம் வேகம், கொஞ்சம் நிதானம் என்று மாற்றி மாற்றி நடை. படியைத் தாண்டிக் குதிக்க யாரையும் விட மாட்டார். அதன் அருமை எனக்குப் புரிந்தது பாக்கியம் அக்கா வந்த பிறகுதான்.

பாக்கியம் அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. ஈசா டவுனில் ஒரு பஹ்ரைனி வீட்டில் சமையல், துப்புரவு, எல்லாம் அவள்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என்னைப் போல இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டிய உடம்பு. ரெசிடன்ஸ் புதுப்பிப்பதற்கான மெடிக்கலில் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாகக் காட்டியது. மாடி ஏறினால் இளைப்பு. எங்கள் இதய டாக்டர் ஒரு எகிப்துக்காரர். நெஞ்சில் ஒயர் ஒட்டி, கட்டம் கட்டமாக மேடும் வேகமும் கூடுகிற மெஷினில் நடக்கவைத்துப் பார்த்தார். இரண்டாவது கட்டம் தொடங்கும்போதே அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது, நிறுத்திவிட்டார்கள். இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அவள் நடக்கவே இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். மறுபடி வரும்போது மூன்றாவது கட்டத்தை முடித்தால் 'வேலைக்குத் தகுதி' என்று கையெழுத்துப் போடுவார். முடிக்காவிட்டால் விசா முடிந்து ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஊர் என்றால் எந்த ஊர்? அப்போது யாழ்ப்பாணத்தில் சண்டை. அவளுடைய ஒரே மகன் கொழும்பில் ஒரு லாட்ஜில் ஒளிந்த மாதிரி இருந்தான். வெளிநாடு போவதற்குப் பேப்பர் வரக் காத்திருந்தான். லாட்ஜில் அவன் இருப்பதே அக்காவின் சம்பளத்தில்தான். இவள் வேலை போனால் அவனும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டும்.

முதல் நாள் அவள் மேடத்திடம் கேட்டது இதுதான்: "டொக்டர் அம்மா, நான் விடிஞ்சா பொழுதுபட்டா வேலை செய்யிறன். கார்ப்பெட் தூக்குறன், காஸ் சிலிண்டர் உருட்டுறன், தண்ணிக் கான் காவுறன். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ் வேணும் எனக்கு?"

மேடம் அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினார். மூலையில் சுருட்டி வைத்திருந்த கனத்த ரப்பர் பாயைக் காட்டி, "வீட்டுல கார்ப்பெட்டைத் தூக்குற மாதிரி இதைத் தூக்குங்க" என்றார்.

அக்கா குனிந்தாள். பல்லைக் கடித்தாள். மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டினாள். முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்தது. பாய் எழும்பியது, கூடவே மேடம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக் குழாயில் பாதரசமும் எழும்பியது. மேடம் சட்டென்று கையை மூடினார். நான் பாயை வாங்கிக்கொண்டேன்.

"இதுதான் நாள் முழுக்க நடக்குது. மூச்சைப் பிடிச்சு, தூக்கி, வெச்சு, நின்னு. இதயத்துக்கு அடி விழுது, பழக்கம் வரலை. தூக்கும்போது ஊதுங்க. கனமானதை டிரைவர் தூக்கட்டும். உங்களுக்கு நடை வேணும். நிக்காத நடை."

"எங்க நடக்கிறது அம்மா? வேலைக்காரி தனிய ரோட்டில நடந்தா ஓடிப் போறாள் எண்டு பிடிச்சுக்கொண்டு வருவாங்கள்."

அது நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மெஷினில் அவள் என்னை ஏமாற்றிய கதை.

மெஷினில் ஏற்றினோம். நான் என் வேலையை ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா, யாழ்ப்பாணத்துல எல்லாரும் இப்டித்தான் அன்னம் மாதிரி நடப்பீங்களா?"

"ஓம்."

"வீட்டு மாமா நல்லவங்களா?"

"ஓம்."

இங்கே மாமா என்றால் மீசை வைத்தவர் இல்லை. வளைகுடாவில் வேலைக்கு வந்த பெண்கள் வீட்டு எஜமானியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மூச்சு வாங்குதாக்கா?"

தலையை ஆட்டி, "இல்லை" என்றாள்.

"வேகம் கூட்டலாமா?"

"ஓம்."

பதில் வந்துகொண்டிருந்தது. மேடம் விரலைத் தூக்கினார், நான் கூட்டினேன். மறுபடி ஓம். மறுபடி கூட்டல். மேடம் சைக்கிளில் இருந்த இன்னொருவரைப் பார்க்கப் போனார். எனக்கு ஏதோ உறுத்தியது. மற்றவர்கள் இதற்குள் என் அப்பன் பாட்டன் வரை போயிருப்பார்கள். இவளோ உதட்டைப் பிரித்து ஒரு சின்னக் காற்றை விட்டால் போதும், ஓம் வந்துவிடும். அதற்கு மூச்சுச் செலவே கிடையாது. வருஷக்கணக்காக எஜமானிகளுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. பரீட்சையில் தேற வேண்டும் என்ற வைராக்கியம் வேறு.

"அக்கா, உங்க ஊர்ல கூழ் எப்டி காய்ச்சுவீங்க? சொல்லு பாப்போம்."

வாயைத் திறந்தாள். "ஒடியல்..." என்றாள். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. உதட்டோரம் வெளுத்திருந்தது. மேடத்தைக் கூப்பிட்டுக்கொண்டே மெஷினை நிறுத்தினேன்.

பெஞ்சில் உட்காரவைத்து, மேடம் நாடியைப் பிடித்தார். இருவரும் திட்டப்போகிறோம் என்று அக்கா நினைத்திருப்பாள் போல. கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஏலும் அம்மா. நான் நடப்பன். என்னை ஏலாது எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

மேடம் அவள் கையை விடவில்லை. "உங்களை ஜெயிக்க வைக்கத்தான் நான் இருக்கேன். இங்க பொய் சொன்னா அங்க தோப்பீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரோஜா, இனிமே எல்லாருக்கும் சமையல் கேள்வி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் பிரியாணி, மக்பூஸ், புட்டு, தோக்ளா எல்லாம் அடுப்பில்லாமலே வெந்தன.

இப்போது நடக்கிற இடம். மறுவாரம் அக்காவைக் கொண்டுவந்து விட வந்த மாமாவை நான் வரவேற்பறையில் பிடித்துக்கொண்டேன். அறுபது வயதிருக்கும். கறுப்பு அபாயாவுக்குள் ஒரு சின்னக் கூடாரமே அடங்கியிருந்தது. சர்க்கரை, முழங்கால் வலி, மூச்சிரைப்பு எல்லாம் உண்டு. மனுஷி நல்லவள். ஆனால் வாசலில் இருந்து கார் வரை நடப்பதையே பெரிய பிரயாணமாக நினைப்பவள்.

என் அரபியில் சொன்னேன்: "மாமா, பாக்கியத்துக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க. அவ நடந்து நடந்து எளச்சு அழகாயிடுவா. அப்பறம் உங்க பக்கத்துல நின்னா இன்னா ஆகும்?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. "உன் நாக்கை யாரும் இன்னும் வெட்டலையா?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தான் மாமா இங்க சம்பளம்."

அப்படியே கையைப் பிடித்து மேடத்திடம் கூட்டிப்போனேன். மேடம் மாமாவையும் பரிசோதித்து, தினமும் அஸர் தொழுகைக்குப் பின் வெயில் தாழ்ந்ததும் நடக்க வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். துணை யார்? பாக்கியம். சிலிண்டரும் கார்ப்பெட்டும் டிரைவருக்குப் போயின. டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இரண்டு பேரும் நடக்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த ஊரில் கௌரவமான வீட்டுப் பெண் ரோட்டில் நடந்தால் கார் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். முதல் நாளே நாலைந்து வண்டிகள் நின்று, ஏறிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினவாம். மாமா நாணிப்போய்விட்டாள். மறுநாள் ஒரு உபாயம் செய்தாள். தன் காரையே பின்னால் மெதுவாக வரச் சொன்னாள். எங்களிடம் கார் இருக்கிறது, நாங்களாகத்தான் நடக்கிறோம் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமாம். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஏசி ஓடுகிற கார்.

"எண்டாலும் சரோ, அது பெரிய கரைச்சல்" என்று அக்கா எனக்குச் சொன்னாள். "களைப்பு வந்தா மனிசி கதவைத் திறந்து உள்ள ஏறியிருந்து, என்னை மட்டும் நடக்கச் சொல்லுது. கண்ணாடியை இறக்கிப்போட்டு 'யல்லா பாக்கியம், யல்லா' எண்டு சத்தம் வேற."

"நீ நடந்தியா?"

"நடக்காம? அது ஏறினா ஏறட்டும். என்ர பிள்ளை லாட்ஜில இருக்கிறான்."

கொஞ்ச நாளில் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலைக்காரி நடக்கிறாள், நான் காரில் போகிறேன், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். இறங்கி நடந்தாள். கார் மட்டும் கடைசி வரை பின்னால் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் எனக்கும் அக்காவுக்கும் கூழ்ச் சண்டை. எங்கள் பக்கம் கூழ் என்றால் கேழ்வரகு. மோர் ஊற்றிக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம். அவர்கள் கூழ் வேறு ஜாதி. காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் காய்ச்சுவது.

"ஒடியல் மாவைக் கரைச்சு வைக்க வேணும். மீன், நண்டு, இறால், எல்லாம் போட்டு... பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு... அவிஞ்ச பிறகு மாவை விட்டு..."

"அப்பறம் மோர் ஊத்தணும்."

"நண்டு போட்ட கூழுக்குள்ள மோரோ! விசரே உமக்கு?"

"மோர் இல்லாத கூழ் இன்னா கூழ்? அது மீன் கொழம்பு."

"வாயைக் கழுவும்!"

முதல் வாரங்களில் ஒடியல் மாவுக்கே மூச்சு முட்டியது. பிறகு நண்டு வரைக்கும் வந்தாள். பலாக்கொட்டைக்கு வந்தபோது மேடம் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். இனி வேகம் கூட்டலாம். கூட்டியதும் அக்கா மறுபடி ஒடியல் மாவுக்கே வந்துவிட்டாள். திரும்ப முதலிலிருந்து. அவள் சலிக்கவில்லை.

சலித்தது ஒரே ஒரு நாள். எடை பார்க்கிற மெஷினை மேடம் எப்போதும் சுவர்ப் பக்கம் திருப்பியே வைப்பார். முள்ளை அவர் மட்டும்தான் பார்ப்பார். இரண்டு மாதம் முடிந்திருந்தது. மேடம் இல்லாத நேரத்தில் அக்கா மெஷினைத் திருப்பி வைத்து ஏறிப் பார்த்துவிட்டாள். நான் வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்டும் குறையேல்லை சரோ. வந்த நாள் எப்பிடியோ அப்பிடியேதான் கிடக்குது. இவ்வளவு நடந்தும்... சோத்தையும் பாதியாக்கினன். எல்லாம் வீண். அந்த டொக்டர் என்னைப் பாத்த உடனே ஏலாது எண்டு எழுதிப்போடுவார்."

கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அது அபூர்வம். போய் மேடத்தைக் கூட்டிவந்தேன்.

மேடம் நாற்காலியைத் தேடவில்லை. வெள்ளைக் கோட்டோடு அக்காவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அக்காவின் இரண்டு விரலை எடுத்து, அவள் மணிக்கட்டிலேயே வைத்தார்.

"வந்த நாள்ல இது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஓடிக்கிட்டிருந்தது. இப்ப பாருங்க. நிதானமா இருக்கு. அழுதுக்கிட்டிருக்கும்போதே இவ்வளவு நிதானம். இப்ப மாடி ஏறினா எப்படி இருக்கு?"

அக்கா யோசித்தாள். "மொட்டை மாடிக்கு உடுப்புக் காயப்போட ஏறுறனான். முந்தி நடுவில இருந்துபோட்டுத்தான் போவன்."

"இப்ப?"

"இப்ப... இருக்கிறேல்லை."

"உடம்பு இளைக்க நாளாகும். இளைக்காமலே போகலாம். இதயம் அதுக்காகக் காத்திருக்கலை, முன்னாடியே தேறிடுச்சு. தராசு இதயத்தைப் பார்க்காது. நான் பார்க்கிறேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். எடை மெஷினைத் தானே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "சரி, ஏத்திவிடும்" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த வாரமே வெயிட் படிக்கு ஏற்றினார் மேடம். கைக்கு அடக்கமான சின்ன இரும்பு. தூக்கும்போது ஊத வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். அக்காவுக்குப் பழைய பழக்கம் விடவில்லை. தூக்கியவுடன் பல்லைக் கடித்துப் பூட்டிக்கொள்வாள். நான் ஒரு கொளுத்திய மெழுகுவர்த்தியை அவள் முன்னால் பிடித்தேன். "இத அணைச்சுக்கினே தூக்குக்கா. நெருப்பு நின்னா நீ மூச்சப் புடிச்சிக்கினு இருக்கேன்னு அர்த்தம்."

"எனக்குப் பிறந்தநாளோ?" என்று கேட்டுவிட்டு ஊதினாள்.

மேடம் அதைப் பார்த்தார். அடுத்த நாள் ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு மெழுகுவர்த்தி வந்து சேர்ந்தது. கடைசி வாரங்களில் வேக நடையும் நிதான நடையும் மாற்றி மாற்றி. வேகத்தில் வாயை மூடிக்கொண்டு நடப்பாள். நிதானத்துக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து கூழைக் காய்ச்சுவாள்.

பரீட்சை நாள் வந்தது. மாமாவும் வந்து வரவேற்பறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரைக்குள் அக்காவைப் படுக்கவைத்து, மேடம் நெஞ்சில் ஜெல்லி தடவி ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். நான் மெஷின் முன்னால் என் வழக்கமான இடத்தில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"ஸ்கூத்!" என்றார் எகிப்து டாக்டர். சத்தம் கூடாது.

பேசினால் நெஞ்சு அசைந்து காகிதத்தில் கோடு கலைகிறதாம். அவர் சொல்வதும் சரிதான். கோட்டைப் பார்ப்பதுதான் அன்றைக்கு அவர் வேலை. ஆனால் அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மூன்று மாதமாக என் வாயைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். இப்போது பிடி இல்லை. மெஷின் ஓடத் தொடங்கியது.

முதல் கட்டம் சுலபமாகப் போயிற்று. இரண்டாவதில் மெஷின் மூக்கைத் தூக்கியது, மேடு ஏறுகிற மாதிரி. அவள் கண் என்னைத் தேடியது. சென்ற தடவை நின்றுபோன இடம் நெருங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். தோள் இறுகுவதைப் பார்த்தேன். பல்லைக் கடித்துவிட்டாள். கார்ப்பெட் தூக்குகிறவள் திரும்பி வந்துவிட்டாள். மூச்சைப் பூட்டிக்கொண்டால் தீர்ந்தது.

பேசத்தானே கூடாது? நான் கையை எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பானையை அடுப்பில் வைத்தேன். மாவைக் கரைத்தேன். நண்டை எடுத்தேன். அது என் விரலைக் கவ்வியது, உதறினேன். அவள் உதடு பிரிந்தது. பற்கள் விலகின. மூச்சு வெளியே வந்தது. பயித்தங்காயை ஒடித்துப் போட்டேன். கிழங்கைச் சீவிப் போட்டேன். அவள் கண் என் கையை விட்டு அசையவில்லை.

மூன்றாவது கட்டம். மேடு இன்னும் ஏறியது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. டாக்டர் காகிதத்தின் மேல் குனிந்திருந்தார். மேடத்தின் கை அவள் நாடியில் இருந்தது, மூடவில்லை. அக்காவின் கால் ஒரு நொடி தடுமாறியது. கைப்பிடியை இறுக்கினாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து, மத்தைப் பிடித்துக் கடைந்தேன். மோர். நன்றாக, நுரை பொங்கக் கடைந்தேன். குடத்தைத் தூக்கினேன். கூழ்ப் பானையின் மேல் சாய்த்தேன்.

அக்காவின் கண் விரிந்தது. தலையை ஆட்டினாள், கூடாது என்று. நான் ஊற்றினேன். மூக்கு விடைத்தது. நான் இன்னொரு குடம் கடைந்தேன். அவள் என்னை அடிக்க வருகிறவள் மாதிரி நடந்தாள். மேடு, வேகம், விசா, டாக்டர் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பானையைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் நிமிர்ந்து கையை உயர்த்தினார். முடிந்தது. மெஷின் வேகம் குறைந்தது. இனிப் பேசலாம் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் அக்கா வெடித்தாள்.

"நாசமாப் போக! ஒடியல் கூழுக்குள்ள, மீனும் நண்டும் இறாலும் போட்டு முருங்கையிலை தூவி இறக்கின கூழுக்குள்ள ஆராவது மோர் விடுவினமே, உம்மளையெல்லாம் ஆர் குசினிக்குள்ள விட்டது, என்ர அம்மா உயிரோட இருந்திருந்தா அகப்பையாலயே உம்மட மண்டையைப் பிளந்திருப்பா!"

சொல்லி முடித்து ஒரு மூச்சு வாங்கினாள். ஒன்றே ஒன்று.

டாக்டர் திகைத்துப் போய் மேடத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்? நெஞ்சு வலியா?"

"இல்லை" என்றார் மேடம். "பதில் சொல்றாங்க."

டாக்டர் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து கடைசி வரை இழுத்துப் பார்த்தார். கோடு ஒழுங்காக இருந்தது. ரத்த அழுத்தமும் எல்லை தாண்டவில்லை. மாத்திரையை விடக் கூடாது, நடையை விடக் கூடாது என்று சொல்லி, பேனாவை எடுத்தார். அந்தக் கையெழுத்தை நான் எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றேன். மூன்றாம் வகுப்பு உதவவில்லை. அக்காவின் முகத்தில் படித்துக்கொண்டேன்.

கொஞ்ச மாதத்தில் அவள் மகனுக்குப் பேப்பர் வந்துவிட்டது. கொழும்பை விட்டுப் போவதற்கு முன் லீவில் வந்து பஹ்ரைனுக்குத் திரும்பிய ஒருவரிடம் அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தான். ஒடியல் மாவு. அந்த வெள்ளிக்கிழமை மாமா வீட்டுக் குசினியில் கூழ் கொதித்தது. நண்டும் மீனும் மாமாவின் டிரைவர் மார்க்கெட்டில் வாங்கிவந்தது. அக்கா என்னையும் மேடத்தையும் கூப்பிட்டிருந்தாள். சைவக்காரரான மேடத்துக்கு மட்டும் தனியாக மீன் போடாத ஒரு சின்னச் சட்டி.

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்வேனா? "மோர் இருந்தா இன்னும் தேவலாம்" என்றேன்.

அக்கா அகப்பையைத் தூக்கினாள். அதற்குள் எதிரில் இருந்த மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த லபன் ஜாடியை எடுத்தாள். லபன் என்றால் அந்த ஊர் மோர்தான், அங்கே சாப்பாட்டுக்கு அது இல்லாமல் இருக்காது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கடகடவென்று கூழில் ஊற்றி, கரண்டியால் கலக்கி, ஒரு வாய் குடித்தாள்.

"ஸேன்! ஸேன், பாக்கியம்!" என்றாள். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

அகப்பை அப்படியே அந்தரத்தில் நின்றது. அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு வார்த்தை வரவில்லை.

மேடம் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.